எல்லாம் விமலகுமாரியின் பெயரில்

“எனக்குச் சொந்தமா ஒரு லாகின் வேணும் சார்.”

திங்கட்கிழமைக் காலை மீட்டிங்கின் கடைசியில் “வேற வல்லதும் உண்டா?” என்று மேனேஜர் சஜன் சார் கேட்பார். அந்த லேபில் இதுவரை யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. இனி எழுந்து போகலாம் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். அன்றும் எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். ஜெஸ்னா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைச் சொன்னாள். நகர்ந்துகொண்டிருந்த நாற்காலிகள் பாதியில் நின்றன.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, மெயின் ரோட்டோரம், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்த ரத்தப் பரிசோதனை லேப். வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் முட்டை பஃப்ஸின் வாசனையைத் தாண்டித்தான் படியேற வேண்டும். திருவனந்தபுரத்தில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கம்பெனியின் ஐந்து கிளைகளில் அது ஒன்று. பெஞ்சில் நான்கு டெக்னீஷியன்கள் வேலை செய்தார்கள். ஆனால் ரிப்போர்ட்டின் அடியில், ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அச்சாகும் பெயர் ஒன்றே ஒன்றுதான். விமலகுமாரி.

விமலகுமாரி சேச்சி காலையில் வந்து கம்ப்யூட்டரைத் தன் பெயரில் திறந்தால் சாயங்காலம்வரை அது அப்படியே திறந்து கிடக்கும். யார் ரத்தத்தைச் சுழற்றினாலும், யார் கணக்கைத் தட்டினாலும், யார் கண் வலிக்க மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாலும் எல்லாம் சேச்சியின் கணக்கில்தான் ஏறும். நடுவில் எப்போதாவது அது மூடிக்கொண்டால் யாரும் திறந்துகொள்ளலாம். பாஸ்வேர்டு சேச்சியின் மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும் என்பது கீழே பஃப்ஸ் அடுக்குகிறவனுக்குக்கூடத் தெரியும்.

தனியாக ஒரு லாகின் கேட்கக்கூடாது என்று ஜெஸ்னாவுக்கு, சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்கள். ரிசப்ஷனில் இருப்பவள் சொன்னாள். அவளுக்குப் பிறகு சேர்ந்து, இப்போது கல்ஃபுக்குப் போய்விட்ட அனூஜும் பின்னால் சொன்னான். வீட்டில் அம்மா சுகிர்தபாய்கூட, லாகின் என்றால் என்னவென்று தெரியாமலே, கேட்காதே என்று சொன்னாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனி அடுப்பு கேட்பதுபோல அது. கேட்டுவிட்டால் பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூடச் சுவையாக இருக்காது.

இரண்டு வருஷம் எட்டு மாதம் அவளும் கேட்காமல்தான் இருந்தாள். இப்போது காட்டாக்கடையில் கம்பெனி ஒரு புதுக் கிளை திறக்கிறது. அதற்கு ஒரு இன்சார்ஜ் வேண்டும். விண்ணப்பத்தில், கடந்த ஒரு வருஷத்தில் சரிபார்த்து வெளியிட்ட ரிப்போர்ட்டுகளின் எண்ணிக்கையை சிஸ்டத்திலிருந்து எடுத்து இணைக்கச் சொல்லியிருந்தார்கள். ஜெஸ்னா எடுத்துப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேராக ஒரு பூஜ்யம் இருந்தது. அப்பா பாறசாலைச் சந்தையில் சுமை தூக்குகிறவர், அம்மா அண்டி ஆபீசில் முந்திரி உரிக்கிறவள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், தினமும் அறுபது சாம்பிள் பார்த்தவள், அந்த பூஜ்யத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம்மளொரு ஃபேமிலி அல்லே ஜெஸ்னா?” என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை காட்டாக்கடை விஷயமாக எல்லோரிடமும் பேசப்போவதாகவும், அப்போது பார்க்கலாம் என்றும் சொன்னார். விமலகுமாரி சேச்சி கையிலிருந்த பேனாவின் மூடியை இறுக்கி மூடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீரின் சுவை மாறியது.

சண்டையெல்லாம் இல்லை. சேச்சி நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்தாள், அவ்வளவுதான். பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தாள். ஒவ்வொரு ரிசல்ட்டையும் ஏற்றுவதற்கு ஜெஸ்னா போய், “சேச்சி, ஒண்ணு திறந்து தரணும்” என்று கேட்க வேண்டியிருந்தது. சேச்சி வருவாள், உடம்பால் மறைத்துக்கொண்டு தட்டுவாள், திறந்து கொடுத்துவிட்டுப் போவாள். மத்தியானத்துக்குள் முப்பத்தொரு தடவை கேட்டாகிவிட்டது. ஜெஸ்னா எண்ணியிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் எண்ணத் தொடங்கிவிடுவாள். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த நோயாளிகள் ரிப்போர்ட் கிடைக்காமல் ரிசப்ஷனில் சத்தம் போட்டார்கள். மற்ற இரண்டு டெக்னீஷியன்களும் ஜெஸ்னாவைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. உன்னால் எங்களுக்கும் இந்தக் கேடு என்று அந்தப் பார்வை சொன்னது.

கோபத்தோடு சாயா குடிக்கக் கீழே இறங்கினாள். எபின் அங்கே நின்றிருந்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவருகிறவன். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பைக்கில் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோட்டுகாலிலிருந்து அதியன்னூர்வரை சுற்றுவான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு அம்மச்சிக்கு நரம்பு கிடைக்காது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

“அனூஜுக்கு மட்டும் லாகின் எப்பிடி கிட்டிச்சு அண்ணே? எனக்குப் பொறவு வந்தவன்தானே அவன்?”

“அவன் கேக்கல்ல. அதாக்கும் அவனுக்க மிடுக்கு.”

“கேக்காம எப்பிடி கிட்டும்?”

எபின் சாயாவை ஆற்றினான். “செரி, நான் ஒண்ணு கேக்கட்டா? சேச்சிக்கு எத்தற பிள்ளைகள்?”

“ஒரு மவ. பாஸ்வேர்டுல உண்டுல்லா.”

எபினுக்குச் சாயா மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டாக்கும் பிள்ளே. ஒரு மவன் உண்டு. பேச்சு வராது அவனுக்கு. அவனெ ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கொண்டு விடத்தான் சேச்சி எல்லா வியாழக்கிழமையும் பத்து மணிக்கு வாறது. நீ அதெ எத்தற தவணெ லேட்டுன்னு சொல்லியிருக்கே?” என்றான்.

ஜெஸ்னா சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். பல தடவை சொல்லியிருக்கிறாள். சேச்சியின் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறாள்.

போன மாதம் கம்பெனி ஒரு வகுப்பு வைத்தது. சக ஊழியர்களோடு நல்லுறவு வளர்ப்பது எப்படி, அதனால் வேலையில் எப்படி உயரலாம் என்று கோட்டு போட்ட ஒருவர் நாள் முழுக்கப் பேசினார். உங்களோடு வேலை செய்கிறவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள் என்றார். சிரித்துப் பேசி மேலே ஏறும் வித்தை என்று நினைத்து ஜெஸ்னா கடைசி வரிசையில் உட்கார்ந்து பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது யோசித்தால், அவளுக்கு எல்லோருடைய வேலையும் தெரியும். யாருக்குக் கை நடுங்கும், யார் ட்யூபில் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டுவார்கள் என்றெல்லாம் தெரியும். ஆட்களைத் தெரியாது. மேலே ஏறுவதற்கு என்று கேட்டால் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு அரிப்பு உள்ளே தொடங்கியிருந்தது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

“பின்னெ அனூஜ் வேற என்ன செய்தான்?” என்று கேட்டாள்.

எபின் விரலை மடக்கினான். சேச்சியின் மகனை நாலு மாதம் பைக்கில் ஸ்கூலுக்குக் கொண்டு விட்டான். சாயாவுக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டான். தலைமை ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளின் பெயர்கூட அவனுக்குத் தெரியும். “சுயம்பு. நம்ம அதியன்னூர்க்காரனாக்கும். நம்பர் வேணுமா ஒனக்கு?”

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு ஜெஸ்னா சுயம்புவைக் கூப்பிட்டாள். லாகின் கேட்பதற்காகக் கூப்பிடவில்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒரு கிளைக்கு இத்தனை லாகின்தான் என்று ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

சுயம்பு சிரித்தான். அப்படி ஒன்றும் கிடையாதாம். கிளையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தாளில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அதில் என்ன எண் இருக்கிறதோ அதை இவன் அப்படியே திறந்து கொடுப்பான். காசெல்லாம் கூடுதலாக ஆகாது. “ஒங்க பிராஞ்சுல நாலு வருஷமா ‘ஒண்ணு போதும்’ன்னு எழுதித் தாறாவ. நடுவில ஒரே ஒரு தவணெ ரெண்டு ஆக்கினாவ, அனூஜுக்கு வேண்டி. அவன் போனதும் பின்னெயும் ஒண்ணு.”

“எழுதித் தாறது ஆரு? சஜன் சாரா?”

“சார் மேல ஒப்பு போடுவாரு. எழுதுறது விமலகுமாரி மேடமாக்கும்.”

போனை வைத்தபோது அவளுக்குக் காது சூடாகியிருந்தது. இத்தனை நாளும் கம்பெனியின் கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்திருந்தாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது பக்கத்து நாற்காலியில் இருப்பவள்.

அன்று சாயங்காலம் வீட்டில், அப்பா ராஜையா பைப்படியில் உட்கார்ந்து சாளை கழுவிக்கொண்டிருந்தார். மீன் வாங்கி வருகிற நாளில் அதைக் கழுவுவதும் அவர்தான். ஜெஸ்னா விஷயத்தைக் கொட்டினாள். அவர் செதில் பறக்கச் சுரண்டியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“எங்க யூனியன்ல எவன் எத்தற சாக்கு எடுத்தான்னு எண்ணப்படாது மக்கா. எண்ணத் தொடங்கினா யூனியன் பொளந்துபோவும். வயசானவன் நாலு சாக்கு எடுப்பான், எளந்தாரி நாப்பது எடுப்பான். எல்லாம் ஒண்ணாக்கும்.”

“ஒங்க யூனியன்ல எல்லாவனுக்க கையிலயும் தனித்தனி கார்டு உண்டுல்லா அப்பா? பேரும் போட்டாவும் ஒட்டி?”

“உண்டு.”

“எனக்கு அது இல்ல. நாளைக்கு நான் வேற எடத்துல போயி, நான் மூட்டெ எடுத்தவளாக்கும்ன்னு சொன்னா, எதெக் காட்ட?”

ராஜையா ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். கார்டுக்காக அவரும் ஒருகாலத்தில் ஆறு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர்தான். “அப்பம் அவளுக்கிட்டத்தான் கேக்கணும். எனக்கிட்ட சாடி என்னத்துக்கு?” என்றார்.

வியாழக்கிழமை சேச்சி பத்து மணிக்கு வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜெஸ்னாவும் சொல்லவில்லை. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும், ரத்தம் எடுக்கும் அறையில் சேச்சி தனியாக ஊசிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எப்படித் தொடங்குவது என்று இரவு முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஒத்திகை எல்லாம் போய்விட்டது.

“நீங்கதானே ஒண்ணு போதும்ன்னு எழுதிக் குடுத்தது?”

சேச்சி திரும்பவில்லை. “ஆமா.”

“எதுக்கு?” கோபமாகத்தான் கேட்க நினைத்தாள். ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் குரலில் அது வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ சேச்சி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு இங்கே எல்லோருக்கும் தனித்தனி லாகின் இருந்தது. நந்தனா என்று ஒரு பெண். ஜெஸ்னாவைப்போலவே வேகம், ஜெஸ்னாவைவிட வாய் குறைவு. ஒருநாள் ஒரு ட்யூப் வழியில் குலுங்கி உள்ளே ரத்தம் உடைந்து வந்திருந்தது. உடைந்த ரத்தத்தில் பொட்டாசியம் இல்லாத உயரத்துக்குக் காட்டும். அதைத் தள்ளிவிட்டு வேறு ரத்தம் கேட்க வேண்டும். நந்தனா அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டாள். நோயாளியை ஐ.சி.யூ.வில் போட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் லேபுக்கு வந்து ரிப்போர்ட்டை நீட்டினார்கள். அதன் அடியில் அவள் பெயர் இருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“இருவத்திநாலு வயசு. அந்தா அந்த எடத்துல நின்னு ஏப்ரனெக் கழத்தித் தந்தா. நான் ஒண்ணும் பறயல்ல. எனக்கு அப்பம் வாயில்லெ.” சேச்சி கதவைப் பார்த்தபடி சொன்னாள். “அதுக்குப் பொறவாக்கும் எழுதிக் குடுத்தது. தப்பு வந்தா எனக்க பேருல வரட்டு. இருவத்திரெண்டு வருஷம் சர்வீஸ் உள்ளவளெ அவியளுக்கு அப்பிடி லேசா வீட்டுக்கு அனுப்ப ஒக்காது. ஒனக்கெல்லாம் தெரியாது. போன ஓணத்துக்கு முந்தின நாள் ஒரு கிரியாட்டினின், ஒண்ணு பாயிண்ட் நாலு. நாலு பாயிண்ட் ஒண்ணுன்னு போச்சு. டாக்டர் விளிச்சு ஏசினாரு. மெமோ வந்தது எனக்கு.”

“அதெ ஏத்தினது ஆரு?”

சேச்சி ஊசிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். ஓணத்துக்கு முந்தின நாள் பெஞ்சில் தனியாக இருந்தது ஜெஸ்னாதான்.

ஒரு எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். அது தெரியாமலே ஒரு வருஷம் மற்றவர்கள் ஒட்டும் கோணல் ஸ்டிக்கரைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“எனக்க தப்பெ எனக்கிட்ட ஏன் சேச்சி சொல்லல்ல?”

“சொன்னா நீ அழுவே.”

“நான் அழுதா என்ன? அழுதிருந்தா பொறவு ரெண்டு தவணெ நோக்கியிருப்பேன்லா? நான் செய்த நல்லதும் எனக்குத் தெரியாது, கெட்டதும் தெரியாது. இஞ்ச நான் இருந்தேனா இல்லியான்னு எனக்கே தெரியாது.”

சேச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதை இப்போதுதான் கேட்கிறவளின் முகம் அது. பிறகு, அனூஜுக்குக் கொடுத்தது அவன் கேட்காததால்தான் என்று, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். கல்ஃபில் வேலைக்கு இந்தக் கணக்கைக் கேட்பார்களே என்று தனக்குத் தானாகவே தோன்றியதாம். ஜெஸ்னாவைப் பார்க்கும்போது தோன்றவில்லை. “நீ ஒரு நாளும் எனக்கிட்ட ஒண்ணும் பறஞ்சதில்ல. சாயாக்கு விளிச்சா வரமாட்டே. எனக்கு எப்பிடி தோணும்?”

அது நியாயமான பேச்சு இல்லை என்று ஜெஸ்னாவுக்குத் தெரிந்தது. பொய்யும் இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

“நந்தனா இப்பம் எங்க?” என்று கேட்டாள்.

சேச்சிக்குத் தெரியவில்லை. எங்கேயாவது துணிக்கடையில் நிற்பாள், அப்படி ஒரு பெயர் விழுந்தவளை எந்த லேபில் எடுப்பார்கள் என்றாள். நம்பர் இருந்தது. நான்கு வருஷமாகக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

“எனக்குத் தாங்கோ.”

“எதுக்கு?”

“கேக்கத்தான்.”

பஸ் ஸ்டாப்பில் நின்று கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. ஜெஸ்னாவுக்கு நன்றாகத் தெரிந்த இரைச்சல். ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம். துணிக்கடையில் அது கிடையாது. யார், எங்கிருந்து என்று ஜெஸ்னா சொன்னாள்.

நந்தனா கொல்லத்தில் ஒரு பெரிய லேபில் இருந்தாள். மூன்று மாதம் வீட்டில் கிடந்து அழுத பிறகு ஒரு இண்டர்வியூவுக்குப் போனாளாம். நடந்ததை மறைக்காமல் சொன்னாளாம். அவர்கள் பழைய லேபின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அவள் பெயரில் பதினெட்டாயிரம் ரிப்போர்ட் இருந்தது. தப்பு ஒன்று.

“அந்த லிஸ்ட்டு இல்லெங்கி எனக்க கையில அந்த ஒரு தப்பு மட்டும்தான் இருந்திருக்கும்” என்றாள் நந்தனா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “சேச்சிக்கு சொகமா? நான் போன அன்னைக்கு அவிய எனக்க மொகத்தெப் பாக்கல்ல. கோவம்ன்னு நெனச்சேன். நாலு வருஷத்துல அங்கயிருந்து எனக்கு விளிச்சது நீ மட்டுமாக்கும் மக்கா.”

பஸ் வந்தது, போயிற்று. ஜெஸ்னா ஏறவில்லை. ஒரு பெண்ணைக் கடைசிவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அவள் அழிந்துபோனாள் என்று இவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டு, அந்த முடிவின் மேல் நான்கு வருஷமாக ஒரு லேபையே நடத்தியிருக்கிறார்கள். அத்தனை பிரியத்தோடு. சிரிப்பதா, யாரையாவது அடிப்பதா என்று தெரியவில்லை அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக சேச்சியிடம் சொன்னாள். சேச்சி நம்பவில்லை. நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள் என்று ஜெஸ்னா போனை நீட்டினாள். சேச்சி தன் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். நாற்பது நிமிஷம் வரவில்லை. சாம்பிள்கள் குவிந்தன, ரிசப்ஷனிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. யாரும் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தபோது சேச்சியின் கண் சிவந்திருந்தது. “அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. ஒரு பெண்குட்டி உண்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினாள்.

மத்தியானம் சேச்சியே வந்து, காட்டாக்கடைக்கு ஜெஸ்னாவின் பெயரைச் சொல்லி சஜன் சாரிடம் காலையிலேயே பேசிவிட்டதாகவும், அவர் ஏறக்குறைய சம்மதித்துவிட்டதாகவும் சொன்னாள். பட்டியலில் பூஜ்யம் இருந்தால் என்ன, என் பெயரில் கிடப்பதில் பாதி அவளுடையதுதான் என்று சொன்னாளாம். ஜெஸ்னா சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே நேரத்தில் ஒரு சந்தேகமும் வந்தது. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. சாயங்காலம் சுயம்புவைக் கூப்பிட்டு, காட்டாக்கடைக்கு எத்தனை லாகின் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டாள்.

ஒன்று என்று அடித்த தாள் ஏற்கெனவே சஜன் சாரின் மேஜைக்குப் போயிருக்கிறது, இன்சார்ஜின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றான் சுயம்பு. “பேரு கொறஞ்சா அவியளுக்கு சோலி லேசாக்கும். வல்லதும் வந்தா கேக்கதுக்கு ஒரு பேரு போதும்லா.”

போகும் முன் அவள் சேச்சியின் பெஞ்சுக்குப் போனாள்.

“நாளைக்கு சார் காட்டாக்கடைக்கு ‘ஒரு லாகின்’ன்னு உள்ள தாளெ நீட்டினா நான் ஒப்பு போட மாட்டேன் சேச்சி. ஒங்க வாக்கு கெட்டுப்போவும். அதுக்க முன்னெ ஒங்களுக்கிட்ட சொல்லணும்ன்னு தோணிச்சு.”

சேச்சி ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “நீ ஆரு சொன்னாலும் கேக்க மாட்டே. செரி. எனக்க வாக்கு எனக்கு, ஒனக்க ஒப்பு ஒனக்கு” என்றாள். பிறகு, “சாயா குடிக்கியா?” என்று கேட்டாள். ஜெஸ்னா குடித்தாள். சேச்சியின் மகன் பெயர் கேட்டாள். அவனுக்கு ரயில் என்றால் உயிர், பாறசாலை ஸ்டேஷனில் மணிக்கணக்காக நிற்பான் என்று சேச்சி சொன்னாள். மேலே ஏறுவதற்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாளைக்கு ஏறப்போவதும் இல்லை. ஆனாலும் எந்த ரயில் அவனுக்கு அதிகம் பிடிக்கும் என்று ஜெஸ்னா கேட்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சஜன் சார் கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். நாற்காலி காட்டினார். விமலகுமாரி ஒருவரைப் பற்றி இவ்வளவு சொல்லித் தான் கேட்டதில்லை என்றார். சக ஊழியர்களிடம் பேர் வாங்குவது லேசில்லை, அந்த வகுப்புக்கு அனுப்பியது வீண் போகவில்லை என்று சிரித்தார். காட்டாக்கடை உனக்குத்தான் என்றார். உன் பெயரில் லாகின், ரிப்போர்ட்டின் அடியில் உன் பெயர். இரண்டு புதுப் பெண்களை எடுத்தாகிவிட்டது, ஜெஸ்மியும் தன்யாவும். படித்து முடித்த கையோடு வருகிறார்கள்.

“அவியளுக்கு லாகின்?”

“அவர் ரெண்டுபேரும் நின்றெ லாகின்ல செய்தோளும். விமலகுமாரி இங்கே செய்யுந்நதுபோலெ.” ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவையும் மேலே வைத்தார்.

தேவையான லாகின்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் ‘1’ என்று அடித்திருந்தது. அவள் எதிர்பார்த்து வந்த அதே தாள். ஆனால் கீழே, கிளைப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் அச்சாகி இருந்தது. ஜெஸ்னா ராஜையா. இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் அந்தக் கம்பெனியின் தாளில் அவள் பெயர் இப்படி அச்சாகி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சநேரம் அதையே பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

பேனாவை எடுத்தாள். ‘1’ஐ ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘3’ என்று எழுதி, அதன் கீழே ஜெஸ்மி, தன்யா என்று இரண்டு பெயரையும் எழுதினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

சஜன் சாரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. இந்தத் தாளை மேலே அனுப்ப முடியாது என்றார். புதுப் பிள்ளைகள், நாளைக்கு ஒரு தப்பு செய்தால் அவர்கள் தலையில் விழும், அதை நீதான் விரும்புகிறாயா என்று கேட்டார். நந்தனாவின் கதையை அவரும் சொல்லத் தொடங்கினார்.

“அவ கொல்லத்துல இருக்கா சார். நல்லா இருக்கா. அவளுக்க லிஸ்ட்டாக்கும் அவளெக் காப்பாத்தினது. தப்பு செய்தா நான் அவியளுக்கிட்டயே சொல்லுவேன், பக்கத்துல நின்னு சொல்லுவேன். பேரில்லாம வேல செய்யச் சொல்ல மாட்டேன்.”

“அப்போ இது வேற ஆளுக்குக் கொடுக்கேண்டி வரும்.”

“குடுங்கோ.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமைவரை யோசிக்கச் சொன்னார். வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார். விமலகுமாரிக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்றார். ஜெஸ்னா எழுந்து நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள்.

“சேச்சிக்கு நேத்தே தெரியும். அப்பாக்கு இண்ணைக்குக் காலையில சொல்லியாச்சு. மூணு லாகின் தந்தா காட்டாக்கடைக்குப் போறேன். இல்லெங்கி திங்கக்கெழமெ எனக்க ராஜினாமா ஒங்க மேசையில இருக்கும். யோசிக்க வேண்டியது இனி நீங்களாக்கும்.”

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெஸ்னா கதவைத் திறந்து வெளியே போனாள்.